தண்ணீர் போன ஊரின் அருங்காட்சியகம்

கலிஃபோர்னியாவின் கிழக்கு விளிம்பில் இன்யோ என்றொரு கவுன்ட்டி இருக்கிறது. பரப்பளவு 26,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி 19,016. நம் பக்கத்தில் ஒரு சுமாரான பேரூராட்சியிலேயே இதைவிடக் கூட்டம் இருக்கும். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவின் மிக உயரமான சிகரமான விட்னி, 4,421 மீட்டர், இந்தக் கவுன்ட்டியின் மேற்கு எல்லையில் நிற்கிறது. கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கும் பேட்வாட்டர் உப்புத்தரை, வட அமெரிக்காவின் மிகத் தாழ்வான இடம், அதுவும் இதே கவுன்ட்டியில்தான். இவ்வளவு பெரிய நிலத்துக்குத் தலைமையிடம் இண்டிபென்டன்ஸ். அங்கே குடியிருப்பவர்கள் அறுநூறு பேர் வாக்கில்.

கவுன்ட்டி கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி, ஆனால் கலெக்டர் கிடையாது. தேர்தலில் ஜெயித்து வந்த ஐந்து பேர் உட்கார்ந்து வரவுசெலவு போடுகிறார்கள்: சாலை, சிறை, நூலகம், குப்பை, அப்புறம் அருங்காட்சியகம். பணம் பிரிக்கும்போது அருங்காட்சியகம் எந்த இடத்தில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வருகிறது. 1928இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து தொடங்கிய கிழக்கு கலிஃபோர்னியா அருங்காட்சியகம் 1968 முதல் கவுன்ட்டியின் பொறுப்பில் இருக்கிறது. நீதிமன்றத்திலிருந்து மேற்கே மூன்று தெரு தள்ளி, சியரா மலைத்தொடர் இருக்கும் பக்கம் ஒரு தாழ்வான கட்டடம். பின்னால் பெரிய முற்றம் முழுக்கப் பழைய ஏர், அறுவடை இயந்திரம், சுரங்கத் தளவாடம், வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த மரவீடுகள். பாலைவனக் காற்றில் ஈரமே இல்லாததால் இரும்பு அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிப்பதில்லை.

லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள் 395ஆம் எண் நெடுஞ்சாலையில் மாமத் பனிமலைக்குப் போகும்போது இண்டிபென்டன்ஸைக் கடக்க ஒன்றரை நிமிடம் ஆகும். நானும் பல வருஷம் அப்படிக் கடந்தவன்தான். ஆனால் நான் குடியிருக்கும் லாஸ் ஏஞ்சலிஸின் சான் ஃபெர்னாண்டோ பகுதியில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் ஒரு பங்கு இந்த ஊர்ப் பக்கத்திலிருந்து கால்வாய் வழியாக வருவது. யார் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் வண்டியை நிறுத்தலாம் என்று தோன்றியது. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். பனிமலையைப் பார்க்க அவருக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை, "எங்கயாவது உட்கார்ந்தா போதும்டா" என்றார். அருங்காட்சியகத்தில் நிச்சயம் பெஞ்சு இருக்கும் என்று கூட்டிப்போனேன்.

தண்ணீர்க் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்த ஊரில் எதுவும் விளங்காது.

ஓவன்ஸ் பள்ளத்தாக்கு சியராவுக்கும் இன்யோ மலைகளுக்கும் நடுவில் நீளமாகக் கிடப்பது. மழை குறைவு, ஆனால் சியராவின் பனி உருகி ஓடைகளாக இறங்கும். 1904, 1905 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸின் முன்னாள் மேயர் ஃபிரெட் ஈட்டன் இங்கே வந்து நிலங்களையும் அவற்றோடு சேர்ந்த தண்ணீர் உரிமைகளையும் வளைக்க ஆரம்பித்தார். கூட்டாட்சி அரசின் பாசனத் திட்டத்துக்காக வாங்குகிறார் என்று பலரும் நம்பினார்கள். 1905 ஜூலை கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸ் பத்திரிகையில் செய்தி வந்தபோதுதான் விஷயம் உடைந்தது. வில்லியம் முல்ஹாலண்ட், அயர்லாந்திலிருந்து வந்து வாய்க்கால் தூர்வாரும் வேலையில் தொடங்கித் தலைமைப் பொறியாளராக உயர்ந்தவர், 375 கிலோமீட்டர் நீளக் கால்வாயை வெட்டி முடித்தார். வழியில் ஒரு பம்பு கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே ஓடி வரும். 1913 நவம்பர் 5 அன்று மதகைத் திறந்தபோது அவர் பேசிய பேச்சு மொத்தமே இவ்வளவுதான்: "இதோ இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்."

எடுத்துக்கொண்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஓவன்ஸ் ஏரி வற்றிப்போனது. 1924இல் உள்ளூர்க்காரர்கள் கால்வாய்க்கு வெடி வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 16 அன்று பண்ணைக்காரர்கள் அலபாமா மதகைக் கைப்பற்றித் தண்ணீரைப் பழைய ஆற்றுக்கே திருப்பிவிட்டு நான்கு நாள் அங்கேயே உட்கார்ந்தார்கள். குடும்பம் குடும்பமாகச் சாப்பாட்டோடு வந்துவிட்டார்கள். பக்கத்தில் படப்பிடிப்பில் இருந்த கௌபாய் நடிகர் டாம் மிக்ஸ் தன் இசைக்குழுவை அனுப்பிவைத்தார் என்று சொல்வார்கள். போராட்டமும் திருவிழாவும் ஒன்றாக நடந்திருக்கிறது. ஆனால் எதிர்ப்புக்குப் பணபலமாக இருந்தவர்கள் வாட்டர்சன் சகோதரர்கள், உள்ளூர் வங்கிக்காரர்கள். 1927 ஆகஸ்டில் அவர்களுடைய வங்கி மூடியது. ஊர்ப் பணத்தைக் கையாடினார்கள் என்று தீர்ப்பாகி இருவரும் சிறைக்குப் போனார்கள். பள்ளத்தாக்கின் சேமிப்பும் போனது, சண்டையும் முடிந்தது. மிச்சம் இருந்தவர்களில் பெரும்பாலானோர் நகரத்துக்கே நிலத்தை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். இன்றைக்கும் பள்ளத்தாக்குத் தரையின் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் பெயரில்தான் இருக்கிறது. முழு இன்யோ கவுன்ட்டியில் தனியார் நிலம் 2 சதவீதத்துக்கும் குறைவு.

வங்கி மூடியது 1927இல், அருங்காட்சியகம் தொடங்கியது 1928இல். ஒன்றுக்கு மற்றது காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் ஊரைக் காலிசெய்துகொண்டு போகிறவர்கள் பரணிலிருந்து எதையெல்லாம் இறக்குவார்கள், எதை வண்டியில் ஏற்றாமல் விட்டுப் போவார்கள் என்பதை யோசித்தால், அருங்காட்சியகம் தொடங்க அதைவிடத் தோதான வருஷம் இருந்திருக்க முடியாது.

உள்ளே கூடைகளின் அறை. இந்த மண்ணின் பழங்குடிகளான பையூட், ஷோஷோனி மக்கள் முடைந்தவை, நூற்றுக்கணக்கில். நான் தலைப்புப் பலகைகளைப் படித்துக்கொண்டு நின்றேன். அம்மா பெஞ்சை மறந்துவிட்டு ஒரு கண்ணாடிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டார்.

"டேய், இது மொறம்டா. பொடைக்கிறதுக்குத்தான் முன்னால இப்படி அகட்டி வளைச்சிருக்காளுக."

உண்மையில் அதுவேதான். பினியன் என்ற குட்டைப் பைன் மரத்தின் கொட்டைகள் இந்த மக்களின் குளிர்கால உணவு. தணலோடு சேர்த்துத் தட்டில் போட்டுக் குலுக்கி வறுத்து, ஓடு உடைத்து, தட்டையான கூடையில் போட்டுப் புடைப்பார்கள். வில்லோ மரத்தின் இளங்குச்சியைப் பல்லால் கடித்து மூன்றாகப் பிளந்து, தோல் சீவி, நரம்பாக்கி முடைவது. பக்கத்தில் வாய் குறுகின தண்ணீர்க் குடுவைகள். கூடைதான், ஆனால் பைன் பிசினை உருக்கிப் பூசியிருப்பதால் ஒழுகாது. அடி கூம்பாக இருப்பது மணலில் குத்தி நிறுத்துவதற்காக. இன்னொரு பக்கம் கண்ணாடி மணி கோத்து மூடிய சின்னக் கூடைகள், வர்ண வர்ணமாக. அவை வீட்டு உபயோகத்துக்கு அல்ல, வெள்ளைக்காரர்களுக்கு விற்பதற்குச் செய்தவை.

"யாருடா குடுத்தது இதையெல்லாம்?" என்றார் அம்மா.

நகைக்கடைக்குப் போனாலும், கோவில் உண்டியலைப் பார்த்தாலும் அவருடைய முதல் கேள்வி இதுதான். முன் மேசையில் இருந்த பெரியவர் ஒரு தன்னார்வலர். அவரிடம் கேட்டேன். கேள்வி அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உள்ளூர்ப் பழைய குடும்பங்கள் கொடுத்தவை நிறைய, என்றார். பையூட் பெண்கள் பண்ணை வீடுகளில் துணி துவைத்தும் சமைத்தும் பிழைத்தவர்கள். வீட்டுக்காரி வாங்கிக்கொள்வாள், அல்லது நன்றிக்காக இவர்களே கொடுப்பார்கள். அந்த வீட்டுக்காரியின் மகளோ பேத்தியோ பிற்காலத்தில் பெட்டியோடு கொண்டுவந்து இங்கே இறக்குவாள்.

அருங்காட்சியகத்துக்குள் ஒரு பொருள் வந்ததும் அதற்கு ஒரு எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். என்ன பொருள், எப்போது வந்தது, யார் கொடுத்தது. இந்த மூன்றாவது கட்டம் காலியாக இருக்காது, ஏனென்றால் கொடுத்தவர் எதிரில் நின்று கையெழுத்துப் போடுவார். முடைந்தவர் பெயருக்கு அப்படி ஒரு கட்டாயம் இருக்கவில்லை. இங்கே என்று இல்லை, அமெரிக்கா நெடுக அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய கூடைகளில் ஏராளம் யார் கை என்று தெரியாத கூடைகள். பின்னாளில் பையூட் மூதாட்டிகளை அழைத்துவந்து, முடிச்சையும் கரையையும் வைத்து இது இன்னார் வேலை என்று சொல்லச் சொல்லி, சில இடங்களில் பெயர்களை மீட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் மீட்க முடியாது.

அம்மாவின் கேள்விதான் இந்தக் கட்டுரையின் விஷயம். உள்ளூர் அருங்காட்சியகம் வரலாற்றைத் தேடிப் பிடிப்பதில்லை; யார் கொண்டுவந்து கொடுக்கிறார்களோ அவர்களுடைய வரலாறு அங்கே சேர்கிறது. தலைநகரத்துப் பெரிய அருங்காட்சியகத்திடம் வாங்கக் காசும் தேர்ந்தெடுக்க நிபுணர்களும் இருப்பார்கள். கவுன்ட்டி அருங்காட்சியகத்துக்கு வாசல்தான் இருக்கிறது. 1928இல் அந்த வாசலுக்குள் நுழையத் தயங்காதவர்கள் பண்ணைக்காரர்கள், வியாபாரிகள், சுரங்கக்காரர்கள். அதனால் லாடம், சேணம், தராசு, கல்யாணப் புகைப்படம் எல்லாம் குவிந்து கிடக்கிறது.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் தங்கள் தண்ணீரைத் திருடியது என்று மூன்று தலைமுறையாகப் புலம்பும் பண்ணைக்காரர்களின் தாத்தாக்கள், அந்தத் தண்ணீரைப் பையூட்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளையர்கள் மாடு ஓட்டிக்கொண்டு வருவதற்கு முன்பே பையூட்கள் ஓடைகளை மறித்து வாய்க்கால் வெட்டிக் காட்டுக் கிழங்குகளுக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். 1861இலிருந்து மோதல். 1862 ஜூலை 4, சுதந்திர தினத்தன்று ராணுவம் முகாம் போட்டது; ஊர்ப் பெயர் அதிலிருந்து வந்தது. 1863இல் ஏறக்குறைய ஆயிரம் பையூட்களைத் திரட்டி, கோடை வெயிலில், தெற்கே டெஹோன் கோட்டைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். பலர் தப்பித் திரும்பி வந்து, தங்கள் நிலத்திலேயே கூலிக்கு நின்றார்கள். அவர்களுடைய மகள்களின் கூடைகளைத்தான் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

1990இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் பழங்குடியினரின் எலும்புகளையும் புனிதப் பொருள்களையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றது. கூட்டாட்சிப் பணம் வாங்கும் எந்த அருங்காட்சியகத்துக்கும் அது பொருந்தும். 2024 ஜனவரியில் விதிகளை இறுக்கிவிட்டார்கள். அந்த வகைப் பொருள்களைக் காட்சிக்கு வைக்கவே அந்தந்தப் பழங்குடியின் சம்மதம் வேண்டும். நியூயார்க்கில் பெரிய அருங்காட்சியகமே அறைகளை மூடியது. திருப்பிக் கொடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கப் பல அருங்காட்சியகங்கள் ஆர்சனிக்கைத் தூவி வைத்திருந்தன. சடங்கில் தலையில் வைத்து ஆட வேண்டிய பொருளை விஷத்தோடு வாங்கிக்கொண்டு என்ன செய்வது?

கொஞ்சம் லேசான விஷயம் ஒன்று. இந்த அருங்காட்சியகத்தில் நார்மன் கிளைடு என்ற மலையேறிக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். சியராவில் நூற்றுக்கு மேற்பட்ட முதல் ஏற்றங்கள் இவருடையவை. கோவேறு கழுதை சுமக்கும் பாரத்தை முதுகில் கட்டிக்கொண்டு ஏறுவார்: இரும்புச் சட்டி, பல துப்பாக்கிகள், செருப்புத் தைக்கும் கட்டை, போதாததற்கு கிரேக்க மொழியில் புத்தகங்கள். இவர் இண்டிபென்டன்ஸ் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் என்பதுதான் விசேஷம். 1920களின் கடைசியில் ஒரு ஹாலோவீன் இரவில் பள்ளியில் சேட்டை செய்ய வந்த பையன்களை விரட்டத் துப்பாக்கியால் சுட்டுவிட்டார். யாருக்கும் அடி இல்லை, ஆனால் வேலை போனது. அதற்குப் பிறகு மலையிலேயே வாழ்ந்துவிட்டு 1972இல் இறந்தார். தேசிய அருங்காட்சியகம் எதுவும் இவருக்கு ஒரு சுவரை ஒதுக்காது. நான் படித்த பள்ளியின் தலைமையாசிரியரை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தேன், அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை.

இப்போது மான்ஸனார். நான் வண்டியை நிறுத்தியதற்குப் பாதிக் காரணம் தண்ணீர், மறு பாதி இது.

இண்டிபென்டன்ஸிலிருந்து தெற்கே பத்து கிலோமீட்டரில், ஒரு காலத்தில் ஆப்பிள் தோட்டங்கள் இருந்த ஊர் மான்ஸனார். 1920களில் நகரம் அதையும் வாங்கி, தண்ணீரை நிறுத்தி, தோட்டத்தைக் காயவிட்டது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஆணையால் மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் எல்லோரும், அமெரிக்கக் குடிமக்களாகப் பிறந்தவர்கள் உட்பட, முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பத்து முகாம்களில் ஒன்று இந்தக் காய்ந்த நிலத்தில். 36 பிளாக்குகள், தார்க்காகிதம் ஒட்டிய மரக் கொட்டகைகள், முள்வேலி, காவல் கோபுரம். உச்சத்தில் 10,046 பேர். அப்போது முழு இன்யோ கவுன்ட்டியில் இருந்த ஜனத்தைவிட அதிகம். லாஸ் ஏஞ்சலிஸின் குடிநீர் வாரியம் இந்த முகாமை எதிர்த்தது. மனிதர்களை அடைக்கிறார்களே என்று அல்ல, கால்வாயில் யாராவது விஷம் கலந்துவிடுவார்களோ என்று.

1945 நவம்பர் 21 அன்று முகாம் மூடப்பட்டது. வெளியே போனவர்களுக்கு 25 டாலரும் பயணச்சீட்டும். அப்புறம் கொட்டகைகளை விற்றார்கள். மரத்துக்காகப் பிரித்து வாங்கிப் போனவர்கள், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், லாட்ஜ் கட்ட நினைத்தவர்கள் என்று பள்ளத்தாக்கு முழுக்க மான்ஸனாரின் பலகைகள் பரவின. முகாமின் பெரிய அரங்கத்தைப் பிரிக்கவில்லை. அது பின்னால் கவுன்ட்டியின் லாரிகளையும் புல்டோசர்களையும் பழுதுபார்க்கும் கொட்டகையாகப் பல பத்தாண்டுகள் இருந்தது. அந்த அரங்கத்தைக் கட்டியவர்களில் கைதிகளே பலர்.

இருபத்தைந்து வருஷம் யாரும் பேசவில்லை. உள்ளே இருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம்கூடப் பேசவில்லை. 1969 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து இளைஞர்கள் கூட்டமாக வந்து முகாமின் கல்லறைத் தூணுக்கு முன் நின்றது, பலர் சேர்ந்து வந்த முதல் பயணம். 1973இல் கலிஃபோர்னியா மாநிலம் ஒரு வெண்கலப் பலகை வைத்தது. அதைச் சிலர் கோடாலியால் கொத்தினார்கள். பள்ளத்தாக்கில் இப்படி ஒரு மனநிலை இருந்த அதே 1970களில்தான் ஷிரோ நோமுரா என்பவர் இந்தக் கவுன்ட்டி அருங்காட்சியகத்தின் வாசலுக்கு வந்தார்.

நோமுரா இளைஞராக மான்ஸனாரில் அடைபட்டிருந்தவர். முகாமின் மேடைகளில் பாடிப் பிரபலமாகி 'மான்ஸனாரின் பாட்டுக்குயில்' என்று பெயர் வாங்கிய மேரி காகெயாமாவை அங்கேயே சந்தித்து, பின்னால் கல்யாணம் செய்துகொண்டார். விடுதலைக்குப் பிறகு தெற்கு கலிஃபோர்னியாவில் மீன்கடை வைத்துப் பிழைத்தார். சரித்திரப் பேராசிரியர் அல்ல, பெரிய பணக்காரரும் அல்ல. தன்னோடு முகாமில் இருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுப் படங்கள், பொருள்கள், பத்திரிகைப் பிரதிகள் என்று திரட்டி, முன்னூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டிவந்து இங்கே சேர்த்தார். அருங்காட்சியகமும் இடம் கொடுத்தது. கவுன்ட்டியின் ஒரு துறை முகாம் அரங்கத்தில் லாரிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருக்க, இன்னொரு துறை முகாமின் காகிதங்களுக்கு அலமாரி ஒழித்துக் கொடுத்தது. அரசாங்கம் என்றால் ஒரே மனசு என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஏன் இவரைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன் என்றால், கூடைகளைக் கொடுத்தவர்கள் கூடை முடைந்தவர்கள் அல்ல. இங்கே பதிவேட்டின் அந்தக் கட்டத்தில், கதை யாருக்கு நேர்ந்ததோ அவர் பெயரே ஏறுகிறது.

வித்தியாசம் புகைப்படங்களில் நன்றாகத் தெரியும். மான்ஸனாரை மூன்று பெரிய புகைப்படக்காரர்கள் எடுத்திருக்கிறார்கள். டோரதியா லாங் 1942இல் அரசாங்கச் சம்பளத்தில் வந்து எடுத்தார். அவர் படங்களில் மக்களின் முகத்தைப் பார்த்த ராணுவம் அவற்றை முடக்கி வைத்தது. போர் முடிந்தபின் தேசிய ஆவணக் காப்பகத்துக்குள் போய் வெகுகாலம் யாரும் பார்க்காமல் கிடந்தன. ஆன்சல் ஆடம்ஸ் 1943இல் வந்தார். பின்னணியில் சியரா பளபளக்க, சிரித்த முகங்கள். 1965இல் அவற்றை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தார். மூன்றாமவர் டோயோ மியாடகே, லாஸ் ஏஞ்சலிஸின் ஜப்பானியர் பகுதியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர், மனைவி மக்களோடு உள்ளே அடைபட்டவர். கேமரா கொண்டுபோகத் தடை. ஒரு லென்ஸையும் பிலிம் பிடிக்கும் சட்டத்தையும் மட்டும் ஒளித்துக் கொண்டுபோய், முகாமிலிருந்த தச்சரிடம் சொல்லி மரத்தில் ஒரு பெட்டி செய்யச் சொன்னார். பார்த்தால் சாப்பாட்டுப் பெட்டி மாதிரி இருக்கும். லென்ஸை ஒரு குழாய்த் துண்டில் பொருத்தி, முன்னும் பின்னும் திருகித் திருகிக் குவியம் பிடித்தார். மாதக்கணக்கில் ரகசியமாக எடுத்தார். மாட்டிக்கொண்டபோது முகாம் இயக்குநர் அவரை அதிகாரபூர்வப் புகைப்படக்காரராகவே ஆக்கிவிட்டார். ஆனால் விதி விதிதானே? எனவே மியாடகே படத்தை அமைத்து, வெளிச்சம் பார்த்து, எல்லாம் தயார் செய்தபின், ஷட்டரை அழுத்த மட்டும் ஒரு வெள்ளைக்காரப் பணியாளர் வந்து நிற்பார். கொஞ்ச நாளில் அந்த விதியும் மறைந்தது.

லாங்கின் படங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில், ஆடம்ஸின் படங்கள் நாடாளுமன்ற நூலகத்தில். மியாடகேயின் படங்களை நான் முதலில் பார்த்தது அறுநூறு பேர் இருக்கும் ஊரில்.

முகாமில் செய்த சின்னப் பறவை உடையூசிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டையில் குத்திக்கொள்வது, கட்டைவிரல் நீளம். துண்டு மரத்தைச் சீவிப் பறவையாக்கி, நுணுக்கமாக வர்ணம் தீட்டியிருப்பார்கள். கால்கள் மட்டும் உலோகக் கம்பி. கம்பிக்கு எங்கே போவது? கொட்டகை ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்தபோது ஓரத்தில் வெட்டி எறிந்த நுனிகளைப் பொறுக்கி, மூன்று விரலாக மடக்கி ஒட்டியிருக்கிறார்கள். ஜப்பானிய அமெரிக்கக் குடும்பங்களில் பாட்டியின் நகைப்பெட்டியிலிருந்து இவை இன்றும் கிளம்பி வருகின்றன. ஒரு பறவை எந்த முகாம், யார் செய்தது என்று அப்போதே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தால் அது ஆவணம். எழுதாவிட்டால் அழகான பறவை, அவ்வளவுதான்.

பின் அறைகளில் நடக்கும் வேலையில் ஆர்ப்பாட்டம் கிடையாது. காகிதத்தை அமிலமில்லாத உறையில் போடுவது. துருப்பிடிக்கும் குண்டூசி, கிளிப் எல்லாவற்றையும் கழற்றுவது. புகைப்படத்தைத் தொட நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை. பழைய காகிதத்துக்கோ கழுவிய வெறும் கையே மேல், கையுறை போட்டால் விரலுக்கு உணர்ச்சி போய் ஓரம் கிழியும். பழைய நெகட்டிவ்களில் நைட்ரேட் வகை தீப்பிடிக்கக்கூடியது, தனியாகக் குளிரில் வைக்க வேண்டும். அசிடேட் வகை கெட்டுப்போனால் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். கூடைகளுக்கு வெளிச்சம் 50 லக்ஸை (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. அதனால்தான் அந்த அறை மங்கலாக இருக்கிறது, கரன்ட் பில் மிச்சம் பிடிக்க அல்ல. முக்கியமான விதி ஒன்று உண்டு: ஒருவர் கொடுத்த காகிதக் கட்டை அவர் அடுக்கிய வரிசை கலையாமல் வைக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்கும் தண்ணீர் வரி ரசீதுக்கும் நடுவில் ஒரு கடிதம் ஏன் இருந்தது என்பது பிற்பாடு ஒருவருக்குப் புரியலாம்.

எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வதும் இல்லை. கொடுப்பவர் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், முழு உரிமையும் அருங்காட்சியகத்துக்கு, நிபந்தனை கூடாது. 'தாத்தாவின் சேணத்தை எப்போதும் வாசலிலேயே வைக்க வேண்டும்' என்றால் வேண்டாம் என்றுவிடுவார்கள். தையல் இயந்திரம் கொடுக்க வருபவர்களைப் பார்த்தால் எந்த ஊர் அருங்காட்சியகத்துக்கும் கொஞ்சம் கிலி உண்டு, ஏற்கெனவே பத்து இருக்கும். கதை இருக்கிற தையல் இயந்திரம் என்றால் வேறு விஷயம்.

மான்ஸனார் 1992இல் தேசிய வரலாற்றுத் தலமானது. 2004இல் அந்த லாரிக் கொட்டகை, பழைய அரங்கம், புதுப்பிக்கப்பட்டுக் காட்சி மையமாகத் திறந்தது. நல்ல வெளிச்சம், ஆவணப்படம், வடிவமைத்த பலகைகள், பூங்காத் துறைச் சீருடையில் வழிகாட்டிகள். பிரமாதமாகச் செய்திருக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே போனால் பெரும்பாலும் முகாமின் கதைதான். கவுன்ட்டி அருங்காட்சியகத்தில் மான்ஸனார், பையூட் கூடை, வாட்டர்சன்களின் ஊர், துப்பாக்கித் தலைமையாசிரியர் எல்லாம் ஒரே கூரையின் கீழ், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள்போல நிற்கிறார்கள். சம்பந்தம் உண்டு: ஒரே தரையிலிருந்து இரண்டு கூட்டத்தார் அடுத்தடுத்து வெளியேற்றப்பட்டார்கள், மூன்றாவது கூட்டத்தார் தங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு அங்கே அடைக்கப்பட்டார்கள். அதைச் சொல்லும் பலகை எதுவும் அங்கே என் கண்ணில் படவில்லை. அப்படி ஒரு பலகை வைத்தால் உள்ளூரில் சண்டை வரும் என்று நினைக்கிறேன். பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வது ஒரு சாமர்த்தியம்.

போக நினைப்பவர்களுக்கு: முதலில் கவுன்ட்டி அருங்காட்சியகம், அப்புறம் மான்ஸனார். தலைகீழாகப் போனால் களைத்துப்போய் கூடைகளை ஓடிக்கொண்டே பார்ப்பீர்கள். எந்தெந்தக் கிழமை திறந்திருக்கும் என்பதைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், கவுன்ட்டி பட்ஜெட்டைப் பொறுத்து மாறும். நுழைவுக் கட்டணம் கிடையாது, வாசலில் உண்டியல் இருக்கிறது. அம்மா அதில் இருபது டாலர் போட்டார், என் பையிலிருந்து எடுத்து. கோடையில் போனால் வெயில் 40 டிகிரியைத் தொடும். வண்டியில் குடிதண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பிடித்துக்கொண்டு போனாலும் அதில் கொஞ்சம் அந்த ஊர்த் தண்ணீர்தான்.